அண்ணாச்சி நோட்டுல இருந்து ‘பே லேட்டர்’ வரைக்கும்: ஆன்லைன் ஷாப்பிங் நம்ம சம்பளத்தை எப்படி மாத்துச்சு?

படிக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. நீங்க அதிகமா யூஸ் பண்ற ஷாப்பிங் ஆப்பைத் திறங்க. ஆர்டர் ஹிஸ்டரிக்குப் போங்க. அப்படியே கீழ தள்ளிக்கிட்டே போய், நீங்க வாங்கின முதல் பொருள் என்னன்னு பாருங்க.

என்னோடது 2012 டிசம்பர். ஒரு 8 ஜிபி பென் டிரைவ், 349 ரூபாய், கேஷ் ஆன் டெலிவரி. பார்சல் வர்ற வரைக்கும் அம்மா, “காசு குடுக்கலையே, அதுவரைக்கும் நல்லது”ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. அந்த வருஷம் மொத்தம் ஒரே ஒரு ஆர்டர். 2013-ல நாலு. போன வருஷம் எத்தனை தெரியுமா? எல்லா ஆப்பையும் சேர்த்து எண்ணினேன். 214.

214 பொருள் வாங்கின ஞாபகம் எனக்குச் சத்தியமா இல்லை. வீட்டைச் சுத்திப் பார்த்தா 214 பொருள் இருக்கிற மாதிரியும் தெரியலை. ஆனா பேங்க் ஸ்டேட்மெண்ட் பொய் சொல்லாது.

இ-காமர்ஸ் எப்படி வளர்ந்துச்சுன்னு எல்லாரும் எழுதுறாங்க. எத்தனை கோடி டாலர், யார் யாரை வாங்கினாங்கன்னு. நான் அதே கதையை உங்க பர்ஸ் பக்கத்துல இருந்து சொல்லப் போறேன். ஏன்னா இந்த 25 வருஷக் கதையில ஒரே ஒரு விஷயம்தான் திரும்பத் திரும்ப நடந்திருக்கு. ‘வேணும்’னு தோணுறதுக்கும் ‘வாங்கிட்டேன்’னு முடிக்கிறதுக்கும் நடுவுல இருந்த தடைகளை ஒவ்வொண்ணா எடுத்துட்டாங்க.

முதல்ல நம்பிக்கை, அப்புறம்தான் நெட்

1994 ஆகஸ்ட்ல அமெரிக்காவுல ஒருத்தர், பாடகர் ஸ்டிங்கோட ஒரு சிடியை 12.48 டாலருக்கு கிரெடிட் கார்டுல வாங்கினார். பாதுகாப்பா என்கிரிப்ட் பண்ணி நெட்ல நடந்த முதல் விற்பனைன்னு இதைத்தான் பெரும்பாலும் சொல்றாங்க. அடுத்த வருஷம் அமேசான் புத்தகம் விக்க ஆரம்பிச்சுது.

நம்ம ஊர்ல 1999-லயே ஃபேப்மார்ட்னு ஒரு பெங்களூரு கம்பெனி ஆன்லைன் கடை போட்டுச்சு. அதைத் தொடங்கின குழுவுல இருந்தவங்கதான் 2011-ல பிக்பாஸ்கெட்டையும் ஆரம்பிச்சாங்க. ஆனா என்னைக் கேட்டா, சாதாரண இந்தியனை நெட்ல காசு கட்ட வெச்சது இந்த ஸ்டார்ட்அப் யாரும் இல்லை, ரயில்வேதான். 2002 ஆகஸ்ட்ல ஐஆர்சிடிசி ஆன்லைன் டிக்கெட் ஆரம்பிச்சாங்க. சென்ட்ரல் கவுண்டர்ல காலையில போய் வரிசையில நிக்கிறதுக்கு பதிலா, பிரவுசிங் சென்டர்ல உக்காந்து பணம் கட்டலாம். பணம் கட்டுறப்போ பக்கம் சுத்திக்கிட்டே இருக்கும். டிக்கெட் வந்துச்சா, காசு மட்டும் போச்சான்னு தெரியாது. அந்தப் பயத்தோடயே நாம பழகினோம்.

2007-ல சச்சின் பன்சால், பின்னி பன்சால் ரெண்டு பேரும் பெங்களூருல ஃப்ளிப்கார்ட்டை ஆரம்பிச்சப்போ வித்தது புத்தகம் மட்டும்தான். புத்தகம் உடையாது, சைஸ் பிரச்சனை இல்லை, எங்க வாங்கினாலும் ஒரே பொருள். ஆனா கார்டு யார்கிட்ட இருந்துச்சு? இருந்தாலும், பார்க்காத கடைக்கு நம்பர் குடுக்க யாருக்கு மனசு வரும்? அதனாலதான் 2010-ல அவங்க கொண்டு வந்த கேஷ் ஆன் டெலிவரி இந்திய இ-காமர்ஸோட உண்மையான திருப்புமுனை. ‘பொருள் கைக்கு வரட்டும், அப்புறம் காசு’. எங்க அம்மா சொன்ன அதே நியாயம்.

இதுல ஒரு விஷயத்தைக் கவனிங்க. கேஷ் ஆன் டெலிவரி கம்பெனிக்குப் பெரிய தலைவலி. வாசல்ல வந்து “வேண்டாம்”னு சொன்னா, போக வர ரெண்டு பக்கச் செலவும் நஷ்டம். ஆனா உங்களுக்கு அது ஒரு பாதுகாப்பு. ஆர்டர் போட்டதுக்கும் காசு குடுக்கிறதுக்கும் நடுவுல நாலு நாள் கிடைக்கும். அந்த நாலு நாள்ல ஆசை ஆறிடும். பர்ஸ்ல இருந்து 500 ரூபாய் நோட்டை எண்ணிக் குடுக்கும்போது கொஞ்சம் வலிக்கும். அந்த வலி நல்ல வலி.

தடைகள் எப்படிக் காணாம போச்சு

2013 ஜூன்ல அமேசான் இந்தியாவுக்கு வந்துச்சு. போட்டி சூடாச்சு. 2014 அக்டோபர் 6, ஃப்ளிப்கார்ட்டோட முதல் ‘பிக் பில்லியன் டே’. பத்து மணி நேரத்துல சுமார் 600 கோடி ரூபாய்க்கு வித்துச்சு. சைட் படுத்துடுச்சு, பல பேரோட ஆர்டர் கேன்சல் ஆச்சு, மறுநாள் நிறுவனர்களே மன்னிப்புக் கேட்டு மெயில் அனுப்பினாங்க. நானும் அன்னைக்கு ஆபீஸ்ல வேலை பார்க்கிற மாதிரி உக்காந்து ரெஃப்ரெஷ் பண்ணிக்கிட்டு இருந்தவன்தான். தீபாவளிக்கு தி.நகர் போறது ஒரு நாள் வேலை. இங்க ‘சேல் முடிய இன்னும் 2 மணி நேரம்’னு ஒரு கடிகாரம் ஓடுது. வாங்கணும்னு நினைக்காத பொருளுக்குக்கூட கை நடுங்க ஆரம்பிச்சது அப்போதான்.

2016-ல மூணு விஷயம் ஒரே வருஷத்துல நடந்துச்சு. ஏப்ரல்ல யுபிஐ, செப்டம்பர்ல ஜியோ, நவம்பர் 8-ல பணமதிப்பிழப்பு. டேட்டா கிட்டத்தட்ட இலவசம், கையில காசு இல்லை, போன்லயே பணம் அனுப்பலாம். நோட்டை எண்ணிக் குடுக்கிற வலி அதோட போச்சு.

2018-ல வால்மார்ட் சுமார் 1,600 கோடி டாலர் குடுத்து ஃப்ளிப்கார்ட்டோட 77 சதவீதத்தை வாங்கினாங்க. 2020-ல ஃப்ளிப்கார்ட், அமேசான் ரெண்டும் தமிழ்லயும் வந்துடுச்சு. அதே காலத்துலதான் ‘பத்து நிமிஷம்’ ஓட்டம் ஆரம்பம். இன்ஸ்டாமார்ட், செப்டோ, குரோஃபர்ஸ்ங்கிற பேரை மாத்திக்கிட்டு வந்த பிளிங்கிட். கேஷ் ஆன் டெலிவரி குடுத்த நாலு நாள் அவகாசம், பத்து நிமிஷம் ஆயிடுச்சு.

இதுக்கு எதிர்ப்பக்கம் நின்னு பிரேக் பிடிச்சது யாருன்னு பார்த்தா, ரிசர்வ் வங்கி. அமெரிக்காவுல அமேசான் 1999-லயே ‘ஒரே கிளிக்ல வாங்கலாம்’ங்கிற முறைக்கு காப்புரிமை வாங்கி வெச்சிருந்தாங்க. அந்த ஒரு கிளிக்குக்கு அவ்வளவு மதிப்பு. நம்ம ஆர்பிஐ 2009-ல இருந்து, ஆன்லைன்ல கார்டு தேய்க்கணும்னா கூடுதலா ஒரு சரிபார்ப்பு வேணும்னு கட்டாயப்படுத்துச்சு. அதான் நமக்கு வர்ற ஓடிபி. 2021 அக்டோபர்ல இருந்து மாசா மாசம் தானா கழியிற சந்தாவுக்கு 24 மணி நேரம் முன்னாடியே மெசேஜ் வரணும்னு சொல்லிட்டாங்க. 2022 அக்டோபர்ல இருந்து உங்க முழு கார்டு நம்பரைக் கடைக்காரங்க சேமிச்சு வைக்கக் கூடாது. அப்போ இதையெல்லாம் திட்டாதவங்க கிடையாது, நானும் திட்டியிருக்கேன். இப்போ யோசிச்சா, அந்த 20 செகண்ட் ஓடிபிதான் என்னைப் பல தடவை காப்பாத்தியிருக்கு.

அண்ணாச்சி நோட்டும் ஆப் லிமிட்டும்

நான் வளர்ந்தது பல்லாவரம். தெரு முனையில ஒரு அண்ணாச்சி மளிகைக் கடை. திருநெல்வேலிப் பக்கத்துல இருந்து வந்தவர். எங்க வீட்டுக்குன்னு ஒரு நோட்டு, நீள வாக்குல மடிச்ச அட்டை நோட்டு, கடையில ஒரு கம்பியில தொங்கும். அம்மா சொல்ற சாமானை நான் போய் வாங்குவேன், அவர் எழுதிப்பார். ஒண்ணாம் தேதி அப்பா சம்பளம் வந்ததும் போய் கணக்கு முடிப்பார்.

அதுவும் ‘பை நவ், பே லேட்டர்’ தானே? வட்டி கிடையாது, செயலாக்கக் கட்டணம் கிடையாது. ஆனா லிமிட் உண்டு. மாசக் கடைசியில கணக்கு எகிறிச்சுன்னா அண்ணாச்சி கத்த மாட்டார். “தம்பி, அப்பாவைக் கொஞ்சம் வந்துட்டுப் போகச் சொல்லு”ன்னு மட்டும் சொல்லுவார். அந்த ஒரு வரியை வீட்டுக்கு எடுத்துட்டு வர்றதுக்குள்ள எனக்கு முகம் சிவந்துடும். அடுத்த வாரம் வீட்டுல பிஸ்கட் இருக்காது. அந்தக் கூச்சம்தான் எங்க வீட்டோட கிரெடிட் லிமிட்.

ஆப்ல வர்ற பே லேட்டருக்கு முகம் கிடையாது. நீங்க அதிகமா செலவு பண்ணினா அது உங்க அப்பாவைக் கூப்பிடாது. “வாழ்த்துகள்! உங்க லிமிட் 60,000 ஆக உயர்த்தப்பட்டது”ன்னு சொல்லும்.

ஒரு உண்மைக் கதை சொல்றேன். என் சித்தி பையன், கோயம்புத்தூர்ல வேலை, வயசு 29. எங்க குடும்பத்துலயே பணத்துல கட்டுப்பாடான ஆள். கிரெடிட் கார்டு பாக்கி வெச்சதே கிடையாது. ஒரு ஆப்ல பே லேட்டர்ல 840 ரூபாய்க்கு ஏதோ வாங்கியிருக்கான். ஆட்டோபே பழைய சேலரி அக்கவுண்ட்ல. அந்த நேரம் பார்த்து வேலை மாறினான், சேலரி அக்கவுண்ட் மாறுச்சு, பழைய அக்கவுண்ட்ல காசு இல்லை. ஆட்டோபே பவுன்ஸ். மெசேஜ் எல்லாம் அவன் வெளிய எடுத்து வெச்சிருந்த பழைய சிம்முக்குப் போயிருக்கு. ஆப்பை எப்பவோ டிலீட் பண்ணியாச்சு.

ஏழு மாசம் கழிச்சு வீடு வாங்க 32 லட்சம் லோன் கேட்டுப் போறான். பேங்க்ல சொல்றாங்க, “சார், உங்க ரிப்போர்ட்ல ஒரு ஓவர்டியூ இருக்கு.” ஸ்கோர் 770-க்கு மேல இருந்தது 700-க்குக் கீழ வந்திருந்துச்சு. 8.5 சதவீதம் கிடைக்க வேண்டிய லோன் 9 சதவீதம்னு சொல்லிட்டாங்க. பில்டர்கிட்ட அட்வான்ஸ் குடுத்தாச்சு, காத்திருக்க முடியாது. கையெழுத்துப் போட்டான்.

கணக்குப் போடுங்க. 32 லட்சம், 20 வருஷம். 8.5-க்கும் 9-க்கும் ஈஎம்ஐ வித்தியாசம் மாசம் சுமார் 1,021 ரூபாய். கடைசி வரைக்கும் அப்படியே போனா சுமார் 2.45 லட்சம். 840 ரூபாய் மறந்ததுக்கு மாசா மாசம் 1,021 ரூபாய். இப்போ ஸ்கோர் ஏறியிருக்கு, வட்டியைக் குறைக்கச் சொல்லி பேங்க்ல மனு குடுத்துட்டு அலைஞ்சிட்டிருக்கான். சித்தி இன்னும், “என்ன பொருள்டா வாங்கின?”ன்னு கேட்கிறாங்க. அவனுக்கே ஞாபகம் இல்லை.

நீங்க புரிஞ்சுக்க வேண்டியது இதுதான். பே லேட்டர்ங்கிறது ஆப்போட வசதி இல்லை. பெரும்பாலும் பின்னாடி ஒரு பேங்கோ, என்பிஎஃப்சியோ உங்க பேர்ல கொடுக்கிற கடன். 300 ரூபாயா இருந்தாலும் கடன் கடன்தான். அது கிரெடிட் பீரோவுக்குப் போகும். ஆர்பிஐ 2022 செப்டம்பர்ல கொண்டு வந்த டிஜிட்டல் கடன் விதிகள்படி, யார் கடன் குடுக்கிறாங்க, வருஷ வட்டி எவ்வளவுன்னு எல்லாம் ஒரு தாள்ல தெளிவா காட்டணும். ‘கூலிங் ஆஃப்’னு ஒரு அவகாசமும் உண்டு. அதுக்குள்ள வேண்டாம்னு நினைச்சா அசலையும் அந்தச் சில நாளுக்கான வட்டியையும் கட்டிட்டு அபராதம் இல்லாம வெளிய வந்துடலாம். இந்த விதி இருக்குன்னு எத்தனை பேருக்குத் தெரியும்?

வேலை மாறுறவங்க, தயவு செஞ்சு பழைய சேலரி அக்கவுண்ட்ல எந்தெந்த ஆட்டோபே ஓடுதுன்னு யுபிஐ ஆப்ல பாருங்க. இந்தக் கட்டுரையில வேற எதையும் செய்யலைன்னாலும் இதை மட்டும் செய்யுங்க. ரிப்போர்ட்டும் வருஷத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு பீரோவும் இலவசமா குடுத்தாகணும். வாங்கிப் பாருங்க. நீங்க மறந்த கடன் அதுல மறக்காம இருக்கும்.

நோ காஸ்ட் ஈஎம்ஐ: காஸ்ட் எங்க ஒளிஞ்சிருக்கு?

வீடியோ கமெண்ட்ல அதிகமா வர்ற கேள்வி இதுதான். 2013 செப்டம்பர்லயே ஆர்பிஐ ஒரு சுற்றறிக்கையில சொல்லிடுச்சு, பூஜ்ஜிய சதவீத வட்டின்னு ஒண்ணு கிடையவே கிடையாதுன்னு. அதனாலதான் பேரை மாத்தி ‘நோ காஸ்ட்’ ஆக்கினாங்க.

30,000 ரூபாய் போன், கிரெடிட் கார்டு, 6 மாசம், மாசம் 5,000. பேங்க் 15 சதவீதம் வட்டி போடுதுன்னு வெச்சுக்கங்க. அப்போ உண்மையில நடக்கிறது என்னன்னா, போன் விலையில 1,270 ரூபாய் தள்ளுபடி பண்ணி 28,730-ன்னு பில் போடுறாங்க. பேங்க் அந்த 28,730-க்கு 1,270 வட்டி சேர்த்து உங்ககிட்ட 30,000-ஆ வாங்கிக்குது. தள்ளுபடியும் வட்டியும் சமம். இது வரைக்கும் நியாயம்தான்.

ஆனா கிரெடிட் கார்டு வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. 1,270-க்கு 229 ரூபாய். செயலாக்கக் கட்டணம் 199, அதுக்கும் ஜிஎஸ்டி, சேர்த்து 235. ஆக 464 ரூபாய் கூடுதல். இது ஸ்டேட்மெண்ட்ல நாலஞ்சு வரியா சிதறி வர்றதால கண்ணுக்குத் தெரியாது. இது போக, மொத்தமா பணம் கட்டினா 1,500 ரூபாய் தள்ளுபடின்னு அதே பக்கத்துல கீழ ஒரு வரி இருந்திருந்தா, அதையும் விட்டிருப்பீங்க. அப்போ உண்மையான காஸ்ட் கிட்டத்தட்ட 2,000.

நோ காஸ்ட் ஈஎம்ஐ எடுக்கவே கூடாதுன்னு நான் சொல்லலை. லேப்டாப் உடனே வேணும், மொத்தப் பணம் குடுத்தா எமர்ஜென்சி ஃபண்ட் காலியாகும்னா, 464 ரூபாய் நல்ல விலை. என் பிரச்சனை வேற. 22,000 ரூபாய் போன் போதும்னு கடைக்குள்ள போனவர், ‘மாசம் 5,000 தானே’ன்னு 30,000 போனோட வெளிய வர்றார். விலையைப் பார்க்காம தவணையைப் பார்க்க வைக்கிறதுதான் இந்த வியாபாரம்.

உங்க டி-ஷர்ட்டை வித்தவர் பக்கம்

வெளிநாட்டு முதலீடு உள்ள கம்பெனி இந்தியாவுல சொந்தச் சரக்கை நேரடியா ஆன்லைன்ல நுகர்வோருக்கு விக்க முடியாது. சந்தை மட்டும் நடத்தலாம். அதனாலதான் ஒவ்வொரு பொருளுக்குக் கீழயும் ‘விற்பவர்’னு ஒரு பேர் இருக்கும். சந்தை நடத்துறவருக்கு வருமானம் விக்கிறவர்கிட்ட இருந்து வருது. கமிஷன், ஷிப்பிங், முன்வரிசையில தெரியிறதுக்கு விளம்பரக் காசு.

திருப்பூர்ல எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் ஆன்லைன்ல டி-ஷர்ட் விக்கிறார். 399 ரூபாய்ன்னு நீங்க பார்க்கிற டி-ஷர்ட்ல 19 ரூபாய் ஜிஎஸ்டி போயிடும். மீதி 380-ல துணி, தையல், பேக்கிங், கமிஷன், ஷிப்பிங், விளம்பரம். எல்லாம் போக கொஞ்சம் மிஞ்சும். அந்தக் கொஞ்சத்தை ரிட்டர்ன் தின்னுடும். “அண்ணே, மூணு சைஸ் வாங்கிப் போட்டுப் பாத்துட்டு ரெண்டைத் திருப்பி அனுப்புறாங்க. வர்றப்போ ஒண்ணுல சென்ட் வாசனை, இன்னொண்ணுல மடிப்பு கசங்கி. மறுபடி அயர்ன் பண்ணி, புதுக் கவர் போட்டு வைக்கணும்”னார். ஆனா அவரே சொன்னார், முன்னாடி ஒரே ஒரு எக்ஸ்போர்ட்டருக்கு ஜாப் ஒர்க் பண்ணி, மூணு மாசம் கழிச்சு வர்ற காசுக்குக் காத்திருந்ததை விட இது தேவலைன்னு. காசு வாரா வாரம் வருதாம். எனக்கு இதுல நல்லது கெட்டதுன்னு ஒரே பக்கம் சாய முடியலை.

சம்பளத்தோட சைடுல ஆன்லைன்ல ஏதாவது விக்கலாம்னு நினைக்கிறவங்க கவனிங்க. கடையில பொருள் வித்தா ஒரு வரம்பு வரைக்கும் ஜிஎஸ்டி பதிவு வேண்டாம். ஆன்லைன் சந்தை வழியா வித்தா அந்தச் சலுகை இல்லாம இருந்துச்சு. 2023 அக்டோபர்ல இருந்து, சொந்த மாநிலத்துக்குள்ள மட்டும் விக்கிற சின்ன வியாபாரிகளுக்குத் தளர்த்தியிருக்காங்க. வெளி மாநிலத்துக்கு அனுப்பணும்னா பதிவு கட்டாயம். இதைத் தெரியாம இன்ஸ்டாகிராம் பார்த்து 50,000 ரூபாய்க்குச் சரக்கு இறக்கி வெச்சவங்களை எனக்குத் தெரியும்.

பத்து நிமிஷத்துல வர்றவர்

நிதி ஆயோக் 2022-ல ஒரு அறிக்கை விட்டாங்க. 2020-21-ல இந்தியாவுல சுமார் 77 லட்சம் கிக் தொழிலாளர்கள், 2029-30-ல அது 2.35 கோடி ஆகும்னு கணிப்பு. டெலிவரி, கேப், வீட்டு வேலை ஆப் எல்லாம் சேர்த்து.

போன மழைக்காலத்துல ஒரு ராத்திரி எனக்கு கொத்தமல்லி, தயிர், ஒரு பாக்கெட் பிரெட். பொருள் விலை 118. சின்ன ஆர்டர் கட்டணம், ஹேண்ட்லிங், மழைக் கட்டணம்னு எல்லாம் சேர்த்து 171. கொண்டு வந்த தம்பி தொப்பலா நனைஞ்சிருந்தார். துண்டு குடுத்தேன். பி.காம் முடிச்சிருக்கார், அக்கவுண்ட்ஸ் வேலையில 14,000 சொன்னாங்களாம், இதுல ஓடினா அதை விட வருதாம். “பெட்ரோல், வண்டி சர்வீஸ் போக எவ்வளவு நிக்கும்?”னு கேட்டேன். சிரிச்சார். “அதைக் கணக்குப் போட்டா ஓட முடியாதுண்ணா. ரேட்டிங் மட்டும் அஞ்சு போட்டுருங்க.”

அவருக்கு பிஎஃப் இல்லை, ஈஎஸ்ஐ இல்லை, சம்பளத்தோட லீவு இல்லை. 2023-ல தமிழ்நாடு அரசு இவங்களுக்குன்னு தனி நல வாரியம் அமைச்சுது. மத்திய அரசோட சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர்ல நடைமுறைக்கு வந்திருக்கு. ஆப் கம்பெனிகள் வருஷ விற்றுமுதல்ல 1 முதல் 2 சதவீதம் வரை இவங்க நலனுக்கு ஒதுக்கணும்னு அதுல இருக்கு. அந்தத் தம்பி கைக்கு என்ன வந்து சேருதுங்கிறதுதான் கேள்வி.

இன்னொரு பக்கம் அண்ணாச்சி. 2024 அக்டோபர்ல அகில இந்திய நுகர்பொருள் விநியோகஸ்தர் கூட்டமைப்பு, குவிக் காமர்ஸ் கம்பெனிகள் அடக்க விலைக்கும் கீழ வித்து சின்னக் கடைகளை அழிக்கிறாங்கன்னு போட்டி ஆணையத்துக்குப் புகார் குடுத்தாங்க. அண்ணாச்சி அதையே அவர் பாஷையில சொன்னார்: “தம்பி, எனக்குச் சரக்கு இறங்குற விலையை விட அவன் விக்கிற விலை கம்மியா இருக்கு. நான் பேசாம அவன்கிட்டயே வாங்கி வித்துரலாம் போல.”

2020 ஏப்ரல் ஞாபகம் இருக்கா? லாக்டவுன் ஆரம்பிச்ச புதுசுல ஆப்ல எதைத் தொட்டாலும் ‘டெலிவரி ஸ்லாட் இல்லை’ன்னு வரும். எனக்கு அப்போ ரெண்டு மாசம் பாதிச் சம்பளம். பல வருஷம் கழிச்சு அண்ணாச்சி கடை ஷட்டருக்கு முன்னாடி நின்னேன். பாதி ஷட்டரைத் தூக்கி அரிசி, பருப்பு, எண்ணெய் எடுத்துக் குடுத்தார். காசு எடுத்தப்போ, “இருக்கட்டும், நோட்டுல எழுதிக்கிறேன்”னார். எங்க அப்பா பேர்லயே புது நோட்டு போட்டார். ஜூலையிலதான் முடிச்சேன். ஒரு ரூபாய் வட்டி இல்லை.

2021-ல பத்து நிமிஷ ஆப் எங்க ஏரியாவுக்கு வந்ததும் நான் என்ன பண்ணினேன்னு நான் சொல்ல வேண்டியதில்லை, அந்த 214 சொல்லும். டெலிவரி தம்பி எங்க வீட்டுக்கு அட்ரஸ் தெரியாம நிக்கும்போது வழி சொல்றது அண்ணாச்சிதான். அதை நினைச்சா இப்பவும் கொஞ்சம் கூசுது.

அப்போ நான் என்ன மாத்தினேன்?

‘அந்தக் காசை எஸ்ஐபி-ல போட்டிருந்தா இந்நேரம் கோடீஸ்வரன்’னு எல்லாம் கதை விட மாட்டேன். 214 ஆர்டர்ல பாதிக்கு மேல நிஜமாவே தேவைப்பட்ட பொருள்தான். எங்க அம்மாவுக்கு முட்டி வலி, பிபி மாத்திரை வீட்டுக்கே வருது. அதுக்கு நான் ஆயிரம் தடவை நன்றி சொல்லுவேன்.

நான் செஞ்சது, எடுத்துட்ட தடைகளை நானே திருப்பி வெச்சுக்கிட்டேன். எல்லா ஆப்லயும் பே லேட்டரை மூடச் சொல்லி, கடன் குடுத்த கம்பெனிகிட்ட இருந்து பாக்கி இல்லைங்கிற சான்று வாங்கிட்டேன். ஆப்பை டிலீட் பண்றதால கடன் கணக்கு மூடாது, இதை மறந்துடாதீங்க. ஷாப்பிங்குக்கு தனி சேவிங்ஸ் அக்கவுண்ட், மாசம் 6,000 அதுல போடுவேன், யுபிஐ அதோட மட்டும் இணைப்பு. காசு தீர்ந்தா தீர்ந்துச்சு. 1,000 ரூபாய்க்கு மேல எதுவா இருந்தாலும் கார்ட்ல போட்டுட்டு ஒரு ராத்திரி தூங்கிடுவேன். காலையில பாதி அழிஞ்சுடும்.

‘இன்னும் 2 மட்டுமே உள்ளது’, உங்களைக் கேட்காம கார்ட்ல ஏறின இன்ஷூரன்ஸ், கடைசி பக்கத்துல முளைக்கிற கட்டணம், இதெல்லாம் உங்களை ஏமாத்துறதுக்காக இருந்தா அது சட்டப்படி தப்பு. 2023 நவம்பர் 30-ல மத்திய அரசு 13 விதமான ‘டார்க் பேட்டர்ன்’களைப் பட்டியல் போட்டுத் தடை பண்ணியிருக்கு. ரீஃபண்ட் வரலை, போலிப் பொருள்னா முதல்ல ஆப்லயே இருக்கிற குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்க. 48 மணி நேரத்துல உங்க புகார் வந்துச்சுன்னு ஒத்துக்கணும், ஒரு மாசத்துல தீர்க்கணும், 2020 விதி அப்படி. அதுலயும் நடக்கலைன்னா 1915-க்கு போன் பண்ணுங்க. தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழ்லயே பேசலாம்.

மளிகை இப்போ மாசம் ஒரு தடவை லிஸ்ட் போட்டு அண்ணாச்சிக்கு வாட்ஸ்அப். அவர் பையன் டிவிஎஸ் எக்ஸ்எல்-ல கொண்டு வந்து இறக்கிடுறான். விலை சில பொருள்ல ஆப்பை விட அதிகம்தான். ஆனா லிஸ்ட்ல இல்லாத எதையும் அவர் “இதையும் சேர்த்து வாங்கினவங்க”ன்னு காட்டுறதில்லை.

போன ஞாயித்துக்கிழமை கடைக்குப் போனப்போ கல்லாவுல உக்காந்து போனைக் கண்ணுக்குக் கிட்ட வெச்சுப் பார்த்துக்கிட்டு இருந்தார். பையன் காலேஜ் சேர்றான், போன் வேணுமாம். “தம்பி, நீங்கதான் வீடியோல இதெல்லாம் பேசுறீங்களே. நோ காஸ்ட் ஈஎம்ஐன்னு போட்டிருக்கான், எடுக்கலாமா?”

நோட்டு ஒண்ணைக் கம்பியில இருந்து உருவி, பின்பக்கம் திருப்பி, 229, 235, 464-ன்னு எழுதிக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரெண்டு தடவை கூட்டிப் பார்த்தார்.

“இது போனுக்கு வட்டியா, வட்டிக்கு வரியா?”

“வட்டிக்கு வரி, அண்ணாச்சி.”

“சரிதான்”னு சொல்லிட்டு, “விமல்! இங்க வா. எத்தனை ரூபாய் போன்னு சொன்ன?”ன்னு உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்.